ஆட்டு வருடத்துக்காரி

எனக்கு ஆடு என்று பட்டம் சூட்டியது ஒரு கடதாசி. சீனச் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே விரிப்பார்களே, குழம்பு சிந்தினால் சுருட்டி எறிகிற கடதாசி, அதுதான். அதில் அச்சடித்திருந்ததை என் கணவர் தேவாரம் போல மனப்பாடம் செய்துவிட்டார். அதனால் வந்த வினை இது.

1988ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். நாங்கள் குடியேறியிருந்த மில்லிக்கன் புறநகரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பிளாசாக் கடைத்தொகுதியில் புதிதாக ஒரு சீனக் கடை திறந்திருந்தார்கள். சீனரின் புதுவருடம் பிறந்த வாரம். என் கணவர் நவரட்ணத்தின் சிநேகிதர் சச்சிதானந்தன், தான் விருந்து வைக்கிறேன் என்று எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் அந்தக் கடதாசி விரித்திருந்தது. ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மிருகங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பிறந்த வருடங்களும், அந்த வருடத்தில் பிறந்தவர்களின் குணங்களும்.

எங்கள் ஆட்களுக்குச் சாத்திரம் என்றால் சூப் ஆறினாலும் பரவாயில்லை. சச்சிதானந்தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தன்னுடைய வருடத்துக்குப் பாம்பு என்று கண்டதும் முகம் சுருங்கிப்போனது. பிறகு "ஆழ்ந்த ஞானம்" என்று கீழே எழுதியிருந்ததைப் படித்துத் தேறிவிட்டார்.

"நவம், நீர் பிறந்தது ஐம்பத்திரண்டுதானே? அடி சக்கை! டிராகன்!"

"டிராகன் எண்டால் என்ன சொல்லுது?" என்றார் என் கணவர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"துணிவு. தலைமை தாங்குகிற ஆற்றல். எதிரிகள் அஞ்சுவார்கள். எடுத்த காரியம் வெல்லும். இந்த வருசமும் டிராகன் வருசமாம், கண்டீரோ. உம்மடை வருசமப்பா இது."

நவரட்ணம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசல் மணி அடித்தால் "நீர் போய்ப் பாரும்" என்கிற மனிதர் அவர். அவருடைய முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்தது எங்கள் கலியாணத்தன்று, படம் எடுத்தபோதுதான்.

"குணவதி எந்த வருசம்?" என்று சச்சிதானந்தன் என் பக்கம் திரும்பினார்.

"ஐம்பத்தைந்து."

"ஆடு." அவர் படித்தார். "மென்மையான சுபாவம். எளிதில் அஞ்சும். தானாக முடிவெடுக்கத் தயங்கும். மந்தையோடு சேர்ந்து போகும். வழிகாட்ட ஒரு பலசாலி வேண்டும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தில் இருந்தது பஞ்சு உருண்டைக்கு நாலு கால் வைத்த ஒரு வெள்ளைச் செம்மறி. நான் பிறந்த கோண்டாவிலில் எங்கள் வீட்டில் ஆடு நின்றது. கயிற்றை அறுத்துக்கொண்டு, வேலியில் பொட்டுப் பிரித்து நுழைந்து, அடுத்த வளவு முருங்கையில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். கல்லெறிந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கடிக்கும். அதைப் போய் அஞ்சும் என்று எழுதியவன் ஆயுளில் ஓர் ஆட்டுக்குக் குழை வைத்திருக்கமாட்டான்.

இதை நான் அப்படியே சொன்னேன், கொஞ்சம் பலமாகவே. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாரும், செம்மறிக்குக் கோபம் வந்திட்டுது," என்றார் என் கணவர்.

போகும்போது, குழம்பு படாத கடதாசியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

அதோடு சிரித்துவிட்டு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த கிழமை என் வேலையிடத்தில் ஒன்று நடந்தது.

நான் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குசினியில் வேலை செய்தேன். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அங்கேதான் அடுக்குவார்கள். ஓடுகிற பெல்ற் ஒன்றின் இரு பக்கமும் நின்று, ஒருத்தி பணிஸ் ரொட்டி வைக்க, மற்றவள் வெண்ணெய் வைக்க, கடைசி ஆள் மூட, தட்டு போய்க்கொண்டே இருக்கும். நான் பிற்பகல் ஷிஃப்ற். எங்கள் மனேஜர் அலெக்ஸாண்டர் ஒரு கிரேக்கர், பெரிய வயிறு, சின்னப் பொறுமை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"காலை ஷிஃப்ற்றின் தலைவி விலகிப் போகிறாள். நீ கத்தினால்தான் அந்த பெல்ற் ஒழுங்காக ஓடுகிறது. இனிமேல் அதற்கே சம்பளம் வாங்கிக்கொண்டு கத்தேன். காலை ஆறு மணிக்கு இங்கே நிற்க வேண்டும். ஏப்ரல் முதல் சனிக்கிழமையிலிருந்து."

காலை ஆறு மணி! மில்லிக்கனில் முதல் பஸ் பிடித்து மாறி மாறி வந்தால் ஏழு கழிந்துவிடும். அவருக்கும் அது தெரியும்.

"கார் ஓட்டுவாயா?" என்று கேட்டார்.

"ஏப்ரலில் ஓட்டுவேன்," என்றேன்.

"ஓட்டாவிட்டால் வேலை மற்றவளுக்கு. காத்திருக்க மாட்டேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் எங்கே நிற்கவேண்டும், எதைப் பிடிக்கவேண்டும் என்று மற்றவர்கள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இமிகிறேசனில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், பெல்ற்றில் சொன்னார்கள். ஒருமுறை நான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். நான் சொல்லி ஒரு காரியம் ஓடுவதை என் கண்ணால் பார்க்கவேண்டும்.

வீட்டில் விசயத்தைச் சொன்னேன். நவரட்ணம் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார்.

"உமக்கு ஹைவே சரிவராது. உவங்கள் சும்மாவே எழுதி வைச்சிருக்கிறாங்கள்?"

"பழகினால் வரும்."

"பழகிறது வேறை, குணம் வேறை. ரக் லொறிகள் வாற வேகத்தைப் பாத்தால் நீர் ஸ்ரியறிங்கை விட்டிட்டு அழுவீர்."

இதைச் சொன்னவர் ஒவ்வொரு நாளும் பிறம்ரனில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போய் வந்தார். நாற்றியொன்று என்று நாங்கள் சொல்லுகிற 401 ஹைவேயில் போனால் வேளைக்குப் போய்விடலாம். அவர் ஸ்ரீல்ஸ் தெருவாலேயே, சிக்னலுக்குச் சிக்னல் நின்று, நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போவார். அதற்காக மற்ற எல்லோருக்கும் முன்னால் எழும்புவார். கேட்டால், "ஹைவேயிலை பெற்றோல் கூடக் குடிக்கும்" என்பார். நானும் அதை நம்பியிருந்தேன்.

என்றாலும் மனிதர் மறுக்கவில்லை. டிராகனுக்குத் தலைமை தாங்குகிற ஆற்றல் இருக்கிறதே, அதைக் காட்ட ஓர் ஆடு வேண்டாமா? என்னிடம் பழகுகிற லைசென்ஸ் ஏற்கனவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாசாவின் பின்பக்கம் கொண்டுபோய், எங்கள் பழைய கொறோலாவில் என்னை ஓட்டவிட்டார். தான் பக்கத்தில் இருந்துகொண்டு "மெல்ல, மெல்ல, மெல்ல" என்று சொல்வார். வேறு ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. தெருவுக்கு எடுத்தாலும் மெல்ல. பச்சை விளக்கு எரிந்தாலும் மெல்ல. அந்த மாதம் முழுவதும் வீட்டிலும் அவர் நடப்பே வேறு. தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கருத்துச் சொன்னார். தேத்தண்ணீரைச் சூடு போதாது என்று திருப்பி அனுப்பினார். என் மாமியார் கூட எனக்குச் செய்யாத வேலை இது.

மார்ச் மாதம் ரோட் ரெஸ்ற், சாரதிப் பரீட்சை. பரீட்சகர் ஒரு மெலிந்த வெள்ளைக்காரர், கையில் அட்டை. நான் என் கணவர் படிப்பித்தபடியே ஓட்டினேன். எனக்குப் பின்னால் கார்கள் ஹோர்ண் அடித்தன. சைக்கிளில் வந்த ஒருவர் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அம்மா," என்றார் பரீட்சகர் முடிவில், "நீங்கள் பிழையாக ஓட்டவில்லை. ஆனால் இந்த வேகத்தில் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள்தான் செத்துப்போவார்கள்."

ஃபெயில்.

நவரட்ணம் அன்று வெகு அன்பாக இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. தானே தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து தந்தார். "நான் சொன்னன்தானே. கவலைப்படாதையும். ஆட்டுக்கு வழிகாட்டத்தான் ஆள் இருக்கே," என்றார்.

நான் தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்தக் கடதாசியை உருவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கிழிக்கிறதென்றால் ஒரு நொடி வேலை. ஆனால் அதில் எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று, அந்தச் சாத்திரத்தோடு பிறந்து வளர்ந்த ஓர் ஆளிடம் கேட்டே ஆகவேண்டும் என்று இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவள் மிஸிஸ் லாம். ஹொங்கொங்கிலிருந்து வந்தவள், நாற்பத்தைந்து வயது, என் தோளளவு உயரம். வீட்டு நிலவறையில் பயறு முளைக்கவைத்து, ஒரு பழைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊரெல்லாம் உள்ள சீனக் கடைகளுக்குக் கொடுப்பாள். நாங்கள் இருவரும் பேசுகிற ஆங்கிலம் ஆங்கிலேயருக்கு விளங்காது, எங்களுக்கு நன்றாக விளங்கும்.

கடதாசியைக் காட்டினேன். அவள் என் வருடத்தில் விரலை வைத்தாள். பிறகு தன் நெஞ்சில் வைத்தாள்.

"நானும் ஆடு," என்றாள்.

"நீயா? நீ ஹைவேயில் வான் ஓட்டுகிறாயே!"

அவள் சிரித்துக்கொண்டு எனக்கு ஒரு கதை சொன்னாள். அவர்கள் ஊரில் ஆட்டு வருடத்தில் பிறந்த பெண்ணைக் கலியாணம் செய்யப் பயப்படுவார்களாம், அவளுக்கு எதுவும் முழுதாக அமையாது என்று. அதனால் அவளுடைய தகப்பன் ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்லி, குதிரை என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தாராம்.

அடடா, இது எங்கள் ஊர் வேலையல்லவா! செவ்வாய்க் குற்றம் உள்ள பெண்ணுக்குப் பிறந்த நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளிவைத்துப் புதுச் சாதகம் எழுதுவிக்கிற தகப்பன்மார் எத்தனை பேரை எனக்குத் தெரியும். சீனாவுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் ஒரு வேலிதான் இருக்கிறது என்று அன்று நினைத்தேன்.

"மாமியாருக்கு எப்போது தெரியவந்தது?" என்று கேட்டேன்.

"இருபது வருடம் என்னைக் குதிரை, குதிரை என்று புகழ்ந்தாள். நான் வான் வாங்கிய அன்று சொன்னேன், நான் ஆடு என்று. ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு வானில் ஏறிச் சந்தைக்கு வந்தாள்." மிஸிஸ் லாம் கடதாசியில் இருந்த செம்மறிப் படத்தைத் தட்டினாள். "இந்தப் படம் பிழை. ஆடு மலை ஏறும். வழி இல்லாத இடத்திலும் ஏறும். உன் கணவர் என்ன?"

"டிராகன். ஐம்பத்திரண்டு."

"எந்த மாதம்?"

"ஜனவரி. எங்கள் பொங்கல் அன்று. பதினாலாம் திகதி."

அவள் கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினாள். தலையை ஆட்டினாள். "இல்லை. அந்த வருடம் எங்கள் புதுவருடம் ஜனவரி கடைசியில்தான் வந்தது. அவர் அதற்கு முன்னால் பிறந்துவிட்டார். அவர் டிராகன் இல்லை. பழைய வருடத்து ஆள். முயல்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பயற்றஞ்சாக்கின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இந்தப் பிழையை வேறு யாரும் விடலாம், நாங்கள் விடலாமா? சித்திரையில் வருடம் பிறக்கிற சனம் நாங்கள். என் கணவரின் சாதகத்திலேயே "கர வருடம் தை மாதம்" என்று எழுதியிருக்கிறது. கர வருடத்துத் தைமாதக்காரரை அடுத்த நந்தன வருடத்தில் எந்தச் சாத்திரியாராவது சேர்ப்பாரா? அச்சடித்த கடதாசியில் ஆங்கில இலக்கத்தைக் கண்டதும் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருக்கிறது.

"முயலுக்கு என்ன குணம்?" என்று கேட்டேன்.

"நல்லது. அன்பு, சாந்தம். வீட்டை விட்டுப் போகப் பிடிக்காது. சத்தத்துக்குப் பயம்."

நான் எழுந்து நின்றேன். "எனக்கு ஓட்டப் பழக்குவாயா?"

"நாளைக் காலை," என்றாள் மிஸிஸ் லாம். "வானில். முளை விற்கப் போகவேண்டும்."

இந்த முயல் விசயத்தை நான் அடக்கி வைத்திருக்கத்தான் நினைத்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குள் வந்தபோது நவரட்ணம் ரெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"உம்மடை அலெக்ஸாண்டரின்ரை நம்பரைத் தாரும். உமக்கு உந்த வேலை சரிவராது எண்டு நானே சொல்லிவிடுறன். மரியாதையாய்ச் சொன்னால் கோவிக்கமாட்டான்."

"ஏன் நீங்கள் சொல்லோணும்?"

"வேறை ஆர் சொல்லிறது? வீட்டுக்கு ஒரு டிராகன்…"

"டிராகனாம் டிராகன்!" நான் போட்ட சத்தம் பிளாசாவரை கேட்டிருக்கும். கடதாசியைப் பழைய இடத்தில் அடித்து ஒட்டி, முயலின் மேல் விரலை ஊன்றினேன். "உங்கடை பொங்கல் எப்ப வருது? அவையின்ரை வருசம் எப்ப பிறக்குது? நீங்கள் டிராகனுமில்லை, ஒரு மண்ணுமில்லை. உதுதான் நீங்கள். முயல்! வேணுமெண்டால் மிஸிஸ் லாமைக் கேளுங்கோ. அலெக்ஸாண்டரோடை கதைக்கிறதெண்டால் நான் கதைப்பன். ஏப்ரல் முதல் சனி ஆறு மணிக்கு அங்கை நிப்பன்."

அவர் கடதாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரெலிபோனை மெதுவாக வைத்தார்.

"தைப்பொங்கலுக்குப் பிறந்தது என்ரை பிழையோ?" என்றார்.

மறுநாள் காலை கடதாசி அங்கே இல்லை. காந்தம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணீரைச் சூடு போதாது என்று சொல்லவில்லை.

மிஸிஸ் லாம் பழக்கிய விதம் தனி. என்னை வானில் ஏற்றினாள், திறப்புச் சாவியைத் தந்தாள், தான் பக்கத்தில் இருந்து கடைக்காரர்களின் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பிறேக்கை உதைத்தால் பின்னால் முளைப்பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும். அப்போது மட்டும் "ஐயோ" என்பது போல ஒரு சீனச் சொல் சொல்வாள். சந்தியில் திரும்பத் தயங்கி நின்றால், தலையை நிமிர்த்தாமலே, "எல்லோருக்கும் பயம்தான். நீ போ," என்பாள். நான் போவேன். ஒரு கிழமைக்குள் நான் மார்க்கம் தெருவில் பஸ்ஸை முந்தினேன். பஸ்ஸுக்குள் இருந்து எத்தனை வருடம் வெளியே பார்த்திருப்பேன்! வெளியே இருந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

மார்ச் கடைசியில் மறுபடி ரோட் ரெஸ்ற். அதே மெலிந்த பரீட்சகர். இந்தமுறை மிஸிஸ் லாமின் வான். அவர் ஏறியதும் மூக்கைச் சுளித்து, "இது என்ன மணம்?" என்றார்.

"பயறு. முளைத்தது," என்றேன். "பெல்ற்றைப் போடுங்கள்."

அவர் உடனே போட்டார். திரும்பி வந்து நிறுத்தியபோது, அட்டையில் எழுதிவிட்டு என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். "போன முறை வந்தது உங்கள் சகோதரியா?" என்று கேட்டார். பாஸ்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு மிஸிஸ் லாம் என்னை இரண்டு தரம் நாற்றியொன்றுக்குக் கொண்டுபோனாள். அதை வீட்டில் சொல்லவில்லை. பாஸ் பண்ணியதைச் சொன்னேன். "நல்லது," என்றார் நவரட்ணம். நிசமாகவே நல்லது என்றுதான் சொன்னார், ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை விடியக் கதவைத் திறந்தால் வெளியே வெள்ளை. இனிப் பனி இல்லை என்று எல்லோரும் பனி அள்ளுகிற சவளைக் கராஜுக்குள் போட்ட பிறகு கொட்டியிருந்தது, இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்க, என் கணவர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லை.

"நானும் வாறன். உம்மை விட்டிட்டுக் காரைக் கொண்டு வந்திடுறன். சாமான் வாங்கோணும்," என்றார். நான் சாரதி இருக்கையில் ஏறினேன். அவர் ஒரு கணம் நின்றுவிட்டு மற்றப் பக்கத்தால் ஏறினார்.

தெரு முனையில், "ஸ்ரீல்ஸாலை போவம்," என்றார்.

"ஸ்ரீல்ஸாலை போனால் உந்தப் பனிக்கு ஏழு மணியாகும். ஆறுக்கு நான் அங்கை நிக்காட்டில் வேலை போச்சு."

நான் கென்னடித் தெருவில் தெற்கே திருப்பினேன். ஹைவேக்கு இறங்குகிற வளைவு வந்தபோது அவர் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

இறங்கியதுமே ஒரு ரக் முன்னால். அதன் பின் சக்கரங்கள் பனிச்சேற்றை வாரி எங்கள் கண்ணாடியில் அடித்தன. வைப்பர் ஒருதரம் போய்வர ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ரக்கின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் விமான நிலையம் வரைக்கும் சேற்றுக்குள்தான் போகவேண்டும். இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தேன், சிக்னலைப் போட்டேன். "நீ போ," என்று எனக்கு நானே தமிழில் சொன்னேன். காலை அழுத்தினேன்.

ரக்கின் சில்லுகள் ஒவ்வொன்றாக எங்கள் யன்னலைக் கடந்து பின்னால் போயின. சாரதியின் கதவு போனது. முன் விளக்கு போனது. சட்டென்று கண்ணாடி தெளிந்து, முன்னால் தெரு வெறுமையாக, வெள்ளையாக, எனக்கென்றே விரித்துவைத்த பாய் போலக் கிடந்தது.

"ஓ!" என்று கத்திவிட்டேன். சந்தோசம் தாங்கவில்லை.

பக்கத்தில் "முருகா, முருகா" என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது. கண்ணைத் திறவுங்கோ."

திறந்தார். பிறகு சொன்னார்:

"நான் உந்த றோட்டிலை ஒருநாளும் ஓடினதில்லை."

"என்ன?"

"ஒருநாளும் இல்லை. வந்த புதிசிலை ஒருக்கா ஏறப் பாத்தன், ரக் ஒண்டு ஹோர்ண் அடிச்சுது, திரும்பி வந்திட்டன். அதோடை ஸ்ரீல்ஸ்."

"அப்ப பெற்றோல்?"

"பெற்றோலுமில்லை, கிற்றோலுமில்லை. பயம்." அவர் கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். "அந்தக் கடையிலை டிராகன் எண்டு வாசிக்கேக்கை எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமே? நான் பயந்தவனில்லை, எங்கையோ பிழையாய் விளங்கிக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சன். இப்ப பாத்தால் முயலாம். உம்மடை சீன மனுசி சரியாய்த்தான் சொன்னவ."

இத்தனை நாளாக இந்த மனிதரை ஒரு சொல்லில் மடக்க வேண்டுமென்று காத்திருந்தவள் நான். இதோ மடங்கிப்போய் இருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை மாரிகாலம், எல்லோருக்கும் முன்னால் எழும்பி, சிக்னலுக்குச் சிக்னல் தனியாக நின்று, ஒருவருக்கும் சொல்லாமல் இந்த மனிதர் போய் வந்திருக்கிறார்! கோபமும் வந்தது, அதை விடக் கூடுதலாக அன்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு அதட்டத்தான் தெரியும்.

"பயந்த மனுசன் உந்தப் பனிக்கை ஏன் என்னோடை ஏறி வந்தனீங்கள்?"

"நீர் தனியப் போறீர் எண்டுதான்."

"அப்ப முயலுமில்லை ஒண்டுமில்லை. சும்மா இருங்கோ. இறங்கிற எக்சிற் வருது."

ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கவே நான் குசினி வாசலில் நின்றேன். "எயர்போட் றோட்டாலை மேலை போனால் ஸ்ரீல்ஸ் வரும், மெல்லப் போங்கோ," என்று திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

உள்ளே அலெக்ஸாண்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பனியில் பஸ்கள் நின்றுவிட்டன. பெல்ற்றில் பாதி ஆட்கள் இல்லை. காலை விமானங்கள் பனிக்காகத் தாமதிக்கலாம், சாப்பாட்டுக்காகத் தாமதிக்க முடியாது. என்னைக் கண்டதும் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தார்.

"எதில் வந்தாய்?"

"நாற்றியொன்றில்," என்றேன். "நான் ஓட்டிக்கொண்டு."

அவர் தலைவி போடுகிற நீலத் தொப்பியை எடுத்து நீட்டினார். நான் போட்டுக்கொண்டு பெல்ற்றின் தலைமாட்டில் நின்றேன். நின்றிருந்த பெண்களைப் பார்த்தேன். யாருடைய கை வேகம், யார் கதைத்தால் வேலை நிற்கும், எல்லாம் எனக்குத் தெரியும். பணிஸ் வைக்கிறவளை மூடுகிற இடத்துக்கு மாற்றினேன். வெண்ணெய்க்காரியைப் பணிஸையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அலெக்ஸாண்டரையும் விடவில்லை, "நீங்கள் சும்மா நிற்கவேண்டாம், தட்டு ஏற்றுங்கள்," என்றேன். ஒரு கணம் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஜக்கற்றைக் கழற்றிவிட்டு வந்து தட்டு ஏற்றினார்.

"ஓடட்டும்!" என்று கத்தினேன். பெல்ற் ஓடியது.

வான்கூவர் விமானத்துக்குரிய தட்டுகள் நேரத்துக்குப் போயின. அடுத்ததும் போனது, அதற்கடுத்ததும் போனது. பிந்தி வந்தவர்கள் கதவில் நின்று மூச்சு வாங்க, நான் விரலைக் காட்டி "நீ இங்கே, நீ அங்கே" என்று நிறுத்தினேன். பத்து மணியளவில் அலெக்ஸாண்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "திங்கட்கிழமையும் வருவாய்தானே?" என்று கேட்டார். கேட்டது ஒரு மனேஜர் மாதிரி இருக்கவில்லை. என் நெஞ்சு நிறைந்துபோனது.

இரண்டரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தேன். வானம் வெளித்து, நல்ல வெயில். காலையில் கொட்டிய பனியெல்லாம் தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கூட்டிப்போக அவர் ஸ்ரீல்ஸால் திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், கொறோலா காலையில் நான் விட்ட அதே இடத்தில் நின்றது. கூரையில் இருந்த பனி கரைந்து கண்ணாடியில் வழிந்தது.

நவரட்ணம் உள்ளே இருந்தார். சாரதிக்குப் பக்கத்து இருக்கையில், பெல்ற்றும் போட்டுக்கொண்டு.

"நீங்கள் வீட்டை போகேல்லையே? சாமான் வாங்கோணும் எண்டீங்கள்."

"ஸ்ரீல்ஸாலை போயிருக்கலாம்." அவர் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "போக மனம் வரேல்லை. காலமை நீர் அந்த ரக்கை முந்தேக்கை நான் கண்ணை மூடிப்போட்டன். அதைப் பாக்காமல் விட்டிட்டனே எண்டு விடிஞ்சது தொடக்கம் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

நான் சாரதி இருக்கையில் ஏறிக் காரை எடுத்தேன். ஹைவேயில் ஏறியபோது அவர் மெல்லிய குரலில், "இஞ்சேரும், எனக்கும் உந்த றோட்டிலை ஓடப் பழக்குவீரோ?" என்று கேட்டார்.

"பழக்குவன். முதல் பாடம், கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ."

முன்னால் ஒரு ரக் போய்க்கொண்டிருந்தது. நான் சிக்னலைப் போட்டேன். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, இமை வெட்டாமல், அது பின்னால் போகும்வரை பார்த்தார்.